இரண்டாம் வாதி

“கோர்ட்டுச் செலவக் கட்டிடுங்கப்பா.”

திங்கட்கிழமை காலை, மணி எட்டு ஐந்து. பச்சியப்பன் பால் சொசைட்டிக்குப் போய்விட்டு வந்து, கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இட்லித் தட்டின் முன்னால் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த மாதம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அதைத் துடைக்க அவள் குனியவில்லை. மகள் காவியாவைத்தான் பார்த்தாள்.

இரண்டு வருஷமாக மகளிடம் அவள் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான். “பெங்களூருக்கு வேலைக்குப் போறேன்னு கேளு. ஸ்கூட்டி கேளு. புடிச்ச பையன் யாராச்சும் இருந்தா அதயும் கேளு, நாலு அடி வாங்குனாலும் பரவால்ல. இந்தக் கோர்ட்டுச் செலவ மட்டும் அந்த மனுசன்கிட்டக் கேட்டுடாத. உனக்குப் புண்ணியமாப் போவுது.”

“எந்தக் கோர்ட்டுச் செலவு?” என்றார் பச்சியப்பன், இட்லியைப் பிட்டபடி.

“நீங்க தோத்த கேசோட செலவு.”

தோத்த. அந்தச் சொல் அந்த வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

ஏனென்றால் அந்த வீட்டைப் பொறுத்தவரை கேஸ் தோற்கவில்லை, நடந்துகொண்டிருந்தது. டீக்கடையில் யாராவது கேட்டால் பச்சியப்பன், “மேல்கோர்ட்டுல போட்டிருக்குது. அங்க போனா எல்லாம் மாறும்” என்பார். அவர் எந்த மேல்கோர்ட்டிலும் எதையும் போடவில்லை. அப்பீல் போட வேண்டிய கெடு முடிந்து ஒன்றரை வருஷமாகிவிட்டது. ஆனால் ‘நடக்குது’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை ஒருவன் தோற்றவன் ஆவதில்லை. கடத்தூர்ப் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் கேஸ் நடத்துகிறார்கள். செலவுத்தொகையைக் கட்டினால் கதை முடிந்தது. கட்டினவன் தோற்றவன். தோற்றவன் என்றால் கூண்டில் ஏறிச் சொன்னதெல்லாம் பொய். பொய் சொன்னவனை நாளைக்கு வரப்புத் தகராறு, பாகத் தகராறு என்று எவன் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவான்? பச்சியப்பன் பத்து ஊருக்குப் பஞ்சாயத்துப் பேசுகிறவர்.

கேஸ் என்ன கேஸ்? ஒரு வண்டிப் பாதை. பச்சியப்பனின் ஒன்றரை ஏக்கருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ராமக்காளின் நிலம். ராமக்காளின் புருஷன் உயிரோடு இருந்தவரை, “போய்க்கங்க மாமா, வண்டிதானே” என்று ஓரமாக விட்டிருந்தார். அவர் செத்த வருஷமே பச்சியப்பன் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற லாரியையே உள்ளே விட்டார். டயர் ஏறி ராமக்காளின் நிலக்கடலை நாசமானது. அவள் முள்கம்பி போட்டாள். இவர் கேஸ் போட்டார். பாட்டன் காலத்திலிருந்து பன்னிரண்டு அடி அகலத்தில், ரோட்டிலிருந்து நேர்கோடாகப் பாதை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அளந்து பார்க்கக் கோர்ட்டு அனுப்பிய கமிஷனர், டேப்பைப் பிடித்துக்கொண்டு அந்த நேர்கோட்டில் நடந்து வந்து ஒரு புளியமரத்தில் முட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வயது மரம். பாட்டன் காலத்துப் பாதையின் நட்டநடுவில்.

நாலு வருஷம் இழுத்து, வழக்கு தள்ளுபடி. செலவுத்தொகையுடன் தள்ளுபடி. தன் வக்கீலுக்குக் கொடுத்தது போனதோடு தீரவில்லை. எதிராளியின் வக்கீல் ஃபீஸ், கமிஷனர் படி, ஸ்டாம்பு எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தைத் தோற்றவர்கள் கட்ட வேண்டும் என்று தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்.

தோற்றவர்கள். ஒருவர் இல்லை. அதைத்தான் காவியா இரண்டு நாளுக்கு முன்னால் தெரிந்துகொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஊர் முனையில் கூட்டமாக இருந்தது. குள்ளனின் நாற்பது சென்ட்டில் கோர்ட்டு அமீனா நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவன் தமுக்கு அடித்துக்கொண்டிருந்தான். வேலிக்காலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குள்ளன் கைகளைக் கட்டிக்கொண்டு, சாவுக்கு வந்தவர்களை வரவேற்கிற மாதிரி, வருகிறவர்களை எல்லாம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு?” என்று பஸ்ஸில் யாரோ கேட்டார்கள்.

“குள்ளன் சொசைட்டில கடன் வாங்கிட்டுக் கட்டலயாம். ஜப்தி.”

“யாரு சொன்னது?”

“நம்ம பச்சியப்பன்தான் சொன்னாரு.”

குள்ளன் சித்தேரி மலையிலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் கரும்பு வெட்ட இறங்கி வந்தவர். கீழேயே தங்கி, கூலி சேர்த்து, பச்சியப்பன் நிலத்துக்குப் பின்னால் நாற்பது சென்ட் வாங்கினார். அவரும் அதே பாதையில்தான் போய்வர வேண்டும். அறுபதை நெருங்கும் அவரை ஊரில் எல்லாரும் ‘டேய் குள்ளா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காவியா ஒருத்திதான் ‘அண்ணா’ என்பாள். அதற்காக அவளுக்குத் தன்மேலேயே கொஞ்சம் பெருமை உண்டு. காலேஜ் படித்ததன் அடையாளம் என்று நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை குள்ளனும் அவர் மனைவி முனியாயியும் கடத்தூரில் காவியா வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு வந்தார்கள். பட்டா, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று நாளெல்லாம் மனு ஏற்றுகிற இடம். கூட்டம் குறையும் வரை இருவரும் சுவரோரமாக நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

“பாப்பா, எந்தக் கடனுக்கு எங்க நெலத்துல தமுக்கு அடிச்சாங்க?” என்றாள் முனியாயி, வந்ததும் வராததுமாக. “நாங்க சொசைட்டிப் பக்கமே போனதில்ல. இந்த ஆளு எனக்குத் தெரியாம வாங்கித் தின்னுட்டானான்னு ராத்திரியெல்லாம் கேட்டுட்டேன். கருமாதிக்குக் குந்துன மாதிரி குந்தியிருக்கறானே தவிர வாயத் தொறக்கல.”

குள்ளன் உரச்சாக்குப் பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். அமீனா கொடுத்தது. தீர்ப்பின் நகலும் அதில் இருந்தது.

இந்தத் தடவை காவியா படித்தாள். முதல் பக்கத்தில், வாதிகள் என்ற தலைப்பின் கீழ், ஒன்று: பச்சியப்பன். இரண்டு: குள்ளன்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். காலேஜில் சேர்ந்து நாலு மாதம். அப்பா ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து, குள்ளனை வாசலில் நிற்க வைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டார். “எம்மவ படிச்சுச் சொல்லுவா, கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுறா. பாதைக்கு நீயும் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.” அந்தப் பரம்பரையில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு என்று எல்லாரும் கூடியிருந்தார்கள். காகிதம் தமிழில்தான் இருந்தது. ‘மேற்படி தாவா பாதையில் வாதிகளுக்குள்ள அனுபோக பாத்தியதையை உத்தேசித்து’ என்று ஒரு வரி ஓடியது. மூன்று தடவை படித்தும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. இத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொந்தத் தமிழே புரியவில்லை என்று காலேஜ்காரி எப்படிச் சொல்லுவாள்? பக்கம் பக்கமாகத் திருப்பினாள். கடைசிப் பக்கம் வந்ததும், “எல்லாம் சரியாத்தான் இருக்குது. போடுங்கண்ணா” என்றாள்.

அவர் போட்டார்.

“சாட்சி இல்லண்ணா” என்றாள் இப்போது. “கேஸு போட்டதே நீங்களும் எங்கப்பாவும் சேந்துதான்னு இருக்குது. தோத்ததும் ரெண்டு பேருதான். ராமக்காவோட செலவ ரெண்டு பேரும் குடுக்கணும்னு தீர்ப்பு.”

“நானா? ராமக்கா மேலயா? நானெங்க பாப்பா கேஸு போட்டேன்?” என்று குள்ளன் கேட்டார். “அந்தம்மா வூட்டுல இவ இன்னைக்கும் மோரு வாங்கிக் குடிக்கறா.”

“ரெண்டு பேருன்னா பாதிப் பாதிதானே?” என்றாள் முனியாயி. “எங்க நெலத்துல மட்டும் என்னாத்துக்கு அடிச்சாங்க?”

“பாதின்னு இல்லக்கா. ஜெயிச்சவங்க ரெண்டு பேருகிட்டயும் வாங்கலாம், ஒருத்தர்கிட்டயே மொத்தத்தயும் வாங்கலாம். யாரு பேர்ல சொத்து இருக்குதோ அவுங்ககிட்டதான் போவாங்க.”

முனியாயி சிரித்துவிட்டாள். “சொத்துக்காரங்க நாங்க! அப்ப உங்கூட்டுல ஒண்ணும் இல்லியா பாப்பா?”

காவியாவின் கண் தீர்ப்பின் தேதியில் நின்றிருந்தது.

அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால்தான் அப்பா அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருந்த ஒன்றரை ஏக்கரையும் அவள் பேருக்குத் தான செட்டில்மென்ட். பட்டுப்புடவை கட்டச் சொன்னார். ஆபீஸ் வாசலில், “பையனுக்கு டெம்போ வாங்கிக் குடுத்துட்டேன். நெலம் எம்மவளுக்கு. டிகிரி முடிச்ச கழுத, கட்டிக்கறவன் எவனா இருந்தாலும் இவகிட்ட அடங்கித்தான் இருக்கணும்” என்று பத்திரம் எழுதுகிறவரிடம் சொன்னார். அன்றைக்கு எடுத்த போட்டோவை அவள் ஸ்டேட்டஸ் வைத்தாள். பெண்பிள்ளைக்கு நிலம் எழுதிய அப்பா என்று கூடப் படித்தவர்கள் கொண்டாடினார்கள். இந்த மையத்திலேயே பாகப்பிரிவினைக்கு வந்த எத்தனை பெண்களிடம் அதைச் சொல்லியிருக்கிறாள்! கூடவே, “நீங்களும் தைரியமாக் கேளுங்கக்கா” என்று புத்தி வேறு சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது நாள். புளியமரத்தைக் கமிஷனர் எழுதிக் கொடுத்துவிட்டார். வக்கீலுக்கு முடிவு தெரிந்துவிட்டது. தோற்றால் பச்சியப்பன் பேரில் ஜப்தி செய்ய ஒரு சென்ட் நிலம் இருக்கக் கூடாது. வீடு ஏற்கெனவே அம்மா பேரில். குள்ளனுக்கு மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை.

“அண்ணா” என்றாள். சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் இந்த மனுஷன் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றும் தோன்றியது. “அன்னைக்கு நான் அந்தப் பேப்பரப் படிக்கலண்ணா. எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி திருப்பிட்டு, போடுங்கன்னு சொல்லிட்டேன்.”

முனியாயி வெடுக்கென்று நிமிர்ந்தாள். குள்ளன் நிமிரவில்லை. தீர்ப்பின் நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

“தெரியும் பாப்பா. கண்ணு ஒரு எடத்துல நின்னுட்டிருக்குது, கை மட்டும் திருப்பிட்டிருக்குது. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, படிக்கறவங்களப் பாத்ததில்லயா?”

“அப்பறம் ஏண்ணா போட்டீங்க?”

“அத்தன பேரு முன்னால, ‘இன்னொருக்கா நல்லாப் படிச்சுச் சொல்லு’ன்னு நான் கேட்டிருந்தா உனக்கு அசிங்கமில்லயா? காலேஜுக்குப் போற புள்ள. உங்கப்பன் உன்ன அடிச்சாலும் அடிச்சிருப்பான். கையெழுத்துத்தானே, போனாப் போவுதுன்னு போட்டேன்.”

முனியாயி புருஷனைப் பார்த்தாள். “போனாப் போவுதா? எந்நெலண்டா பாவி” என்றாள். மனுவுக்கான அறுபது ரூபாயை நீட்டிக்கொண்டு நின்ற அடுத்த ஆளைப் பார்த்துக் காவியா, “சர்வர் வேல செய்யல, அப்பறம் வாங்க” என்று கத்தினாள். சர்வர் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கறி கொதித்துக்கொண்டிருந்தபோது, அவள் ராமக்காளின் வீட்டுக்குப் போனாள். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு. ராமக்காள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. முறத்தை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

“குள்ளண்ணன விட்டுடுங்க அத்தை.”

“எனக்கு மட்டும் அவன் நெலத்துல தமுக்கு அடிக்கணும்னு வேண்டுதலாடி? வக்கீலு ஆன்லைன்ல போட்டுப் பாத்துட்டு, உங்கப்பன் பேர்ல துரும்பும் இல்ல, குள்ளன் பேர்ல நாப்பது சென்ட்டு இருக்குதுன்னு சொன்னாரு. நான் கேஸு நடத்த ரெண்டு கறவ மாட்ட வித்தவ. பொய்க் கேஸு போட்டவன் வெள்ளச் சட்டையோட பஞ்சாயத்துப் பேசுறான். நான் ஜெயிச்சுட்டு மாடு இல்லாம நிக்கறேன். யாருகிட்டதான் நான் வாங்கறது? சொல்லு.”

காவியா கீழே சிந்தியிருந்த கம்பைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

“ஒண்ணு பண்ணு” என்றாள் ராமக்காள், முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு. “உம்பேர்ல இருக்கறது உங்கப்பன் நெலம்தான், செலவுக்குப் பயந்து மாத்தி வெச்சதுதான்னு நீயே கோர்ட்டுல வந்து சொல்லு. அதுல ஜப்தி போட்டுக்கறேன், குள்ளன விட்டுடறேன். வக்கீலக் கேட்டேன், மவளே சொன்னா நிக்கும்னாரு. நாளைக்கு எட்டரை பஸ்ஸுக்குத் தர்மபுரி போறேன். வர்ற மாதிரி இருந்தா பஸ் ஸ்டாப்புக்கு வா. இல்லன்னா, நீ இங்க வந்ததா நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் ராத்திரி முழுக்க அவளைக் குத்தியது. அந்த அம்மாள் அவளுக்காக அவள் மானத்தைக் காப்பாற்றித் தருகிறாளாம். குள்ளண்ணன் ஆறு வருஷம் முன்னால் செய்ததும் அதுதான். அவளுடைய கௌரவத்தை ஊரில் ஆளாளுக்குக் கைமாற்றித் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவளோ அதைத் தன் சம்பாத்தியம் என்று நினைத்துத் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள். விடியும்போது அவள் முடிவுக்கு வந்திருந்தாள். பத்திரத்தின் நகலை எடுத்து ஹேண்ட்பேக்கில் வைத்தாள். ஆனாலும் அப்பா. ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

கேட்டாகிவிட்டது.

பச்சியப்பன் இட்லியை மென்று விழுங்கினார். கோபப்படவில்லை. அதுவே மாதம்மாளுக்குப் பயமாக இருந்தது.

“யாரு சொன்னாங்க தோத்துட்டேன்னு?”

“தீர்ப்புக் காப்பியப் படிச்சேன். நெசமாவே படிச்சேன்.”

“ஓ.”

“குள்ளண்ணன் சொசைட்டில கடன் வாங்குனாருன்னு நீங்கதான் சொன்னீங்களாம்.”

பச்சியப்பனின் கை தட்டில் நின்றது. முதல் தடவையாகக் கண்களைத் தாழ்த்தினார். ஒரு கணம், இவருக்கும் சுடுகிறது என்று காவியாவுக்குத் தோன்றியது. அந்த ஒரு கணத்துக்காக அவரை மன்னித்துவிடக்கூட அவள் தயாராக இருந்தாள்.

“வேற என்னன்னு சொல்லச் சொல்ற?” என்றார். “நான் இந்த ஊர்ல நடமாட வேணாமா? அடுத்த வாரம் காரிமங்கலத்துல ஒரு பாகப்பிரிவினைக்கு என்னக் கூப்புட்டிருக்காங்க. பொய்ச் சத்தியம் பண்ணவன்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்? உன்னப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?”

“எனக்குன்னு எழுதி வெச்சீங்களே நெலம், அதுவும் இதுக்குத்தானா?”

வாசலில் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் அருள்குமார் குழாயை மூடிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏய், இன்னுமா அது உனக்குன்னு நெனைச்சுட்டிருக்கற? கேஸுத் தொல்ல ஓஞ்சதும் எம்பேருக்கு மாத்தறதா அப்பவே பேசுனது. உங்கிட்டக் கையெழுத்துக் கேப்பாரு, போட்டுட்டுப் போ. டிகிரி படிச்ச லட்சணத்தப் பாரு!”

“நீ வண்டியப் போய்க் கழுவுடா” என்று மாதம்மாள் அவனை விரட்டினாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அது அவள் மகளைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

பச்சியப்பன் தட்டிலேயே கை கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டார். பஞ்சாயத்தில் கடைசித் தீர்ப்புச் சொல்லும்போது வருகிற நிதானம் அவர் குரலுக்கு வந்தது.

“சரி. கட்டிடறேன்.”

காவியாவால் நம்ப முடியவில்லை. மாதம்மாள் ‘அப்பாடா’ என்று வாய்விட்டே சொன்னாள்.

“நானும் மனுசன்தானே. குள்ளன் இருபது வருசமா நம்மகிட்ட ஒழச்சவன், அவன் நெலம் ஏலம் போறதப் பாத்துட்டு இருப்பனா? அருளு, நாளைக்கு வக்கீல் குமாஸ்தாகிட்டப் பணத்தக் குடுத்துக் கட்டிட்டு வந்துடு. குள்ளன் பேர்லயே கட்டச் சொல்லு. எம்பேரு எங்கயும் வர வேணாம்.”

“குள்ளண்ணன் பேர்லயா?” என்றாள் காவியா.

“ஆமா. அவன் கடன நான் அடச்சதா இருக்கட்டும். ஊருக்கும் நல்லாத்தானே இருக்கும்? மொத்தமா நான் ஏன் சொமக்கணும்? வாரக் கூலில நூறு, எரநூறுன்னு கழிச்சுக்கறேன். நாலஞ்சு வருசத்துல தீந்துடும். வட்டி வேணாம்.”

வட்டி வேணாம் என்று சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையிலேயே ஒரு பெருந்தன்மை இருந்தது. அவர் நடிக்கவில்லை. அதுதான் கொடுமை.

“அதான் தீந்துச்சேடி” என்றாள் மாதம்மாள். “அவன் நெலமும் தப்பிச்சுது, நம்ம மானமும் தப்பிச்சுது. வா, வந்து ரெண்டு இட்லி தின்னு.”

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, காவியாவுக்கும் சரிதானே என்று பட்டது. கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கூண்டில் ஏறி அப்பாவைக் கைகாட்ட வேண்டாம். படிக்காமலே படித்ததாகச் சொன்ன கதை யாருக்கும் தெரிய வேண்டாம். குள்ளண்ணன் எதையும் சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லை. நாலைந்து வருஷம் பச்சியப்பனுக்குக் கடன்பட்டவராகவே வேலைக்கு வந்துகொண்டிருப்பார். இவளைப் பார்த்தால் அப்போதும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் அவ்வளவு சுலபம். அவ்வளவு சுலபமாகத் தன் மனசு அதில் போய் உட்காரப் பார்த்தது தெரிந்ததும் அவளுக்கு உடம்பே கூசியது. இந்த வீட்டுப் பெண்தான் நான், சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டினாள்.

“சென்டருக்கா?” என்றார் பச்சியப்பன்.

“இல்ல. தர்மபுரிக்கு. ராமக்கா அத்தையோட.”

வாசலில் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

“எதுக்கு?”

“அந்த நெலம் உங்களுதுன்னு சொல்றதுக்கு. தோக்கப்போறோம்னு தெரிஞ்சு எம்பேருக்கு மாத்துனீங்கன்னு சொல்றதுக்கு. குள்ளண்ணன் படிக்காமக் கையெழுத்துப் போட்டாரு, படிச்சுச் சொல்ல வேண்டிய நானும் படிக்காமத்தான் சொன்னேன்னு சொல்றதுக்கு.”

“கூண்டுல ஏறியா?”

“ஏறச் சொன்னா ஏறுவேன்.”

“அப்பனக் கோர்ட்டுல காட்டிக் குடுத்தவன்னு உன்னக் காலத்துக்கும் சொல்லுவாங்கடி. எவன் கட்டுவான் உன்ன?”

“தெரியலப்பா.”

அது உண்மை. அவளுக்குத் தெரியவில்லை. சத்தம் போட்டுப் பதில் சொல்லத்தான் நினைத்திருந்தாள். கோபம் முழுக்க அவளிடம் இருந்தது. ஆனால் அப்பாவின் முகம் சிறுத்துப்போய், பால் அளவில் குறை கண்டுபிடிக்கப்பட்ட ஆளின் முகம் மாதிரி ஆனதைப் பார்த்ததும் சத்தம் வரவில்லை. அவரைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவருக்காக ஒரு பங்கு, தனக்காக ஒரு பங்கு.

அருள்குமார் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். “பைய வெச்சுட்டு உள்ள போ. கைய ஒடிச்சுடுவேன்.”

“ஒடி. ஒடிஞ்ச கையோட போறேன். எதுக்கு ஒடிஞ்சுதுன்னும் ஜட்ஜு கேப்பாரு.”

அவன் அப்பாவைப் பார்த்தான். பச்சியப்பன் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அருள்குமார் கால் மாற்றி நின்றான். பிறகு ஈரத் துணியை டெம்போ மேல் விட்டெறிந்துவிட்டு நகர்ந்தான்.

“காவியா” என்றாள் மாதம்மாள். கும்பிடுகிற மாதிரி கை சேர்ந்திருந்தது. “கேக்காதன்னு சொன்னேனேடி.”

“கேட்டுட்டேன்மா.”

செருப்பை மாட்டிக்கொண்டாள். மணி எட்டு இருபது. பஸ் ஸ்டாப்புக்கு எட்டு நிமிஷம். டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே இந்நேரம் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ராமக்காளோடு பஸ் ஏற வேண்டும். முகம் சுட்டது. சுடட்டும் என்று விட்டுவிட்டு, காவியா வாசலைத் தாண்டி நடந்தாள்.